ஏழாம் நம்பர் கட்டில் பாட்டில்

கலர் மீன் கடைக்காரருக்கு நுரையீரல் சுருங்கியது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வாயில் ரப்பர் குழாயோடு.

தொட்டித் தண்ணீர் மாற்றுகிற வேலை. குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஒரே இழுப்பு இழுத்து, தண்ணீர் வாய்க்கு வருவதற்குள் சட்டென்று வாளியில் போட்டுவிட வேண்டும். அப்புறம் அது தானாக ஓடும். இருபத்திரண்டு வருடமாக, நாளைக்குப் பத்துத் தொட்டி வீதம் அவர் இதைச் செய்துகொண்டிருக்கிறார். அன்றைக்கு மூன்றாவது தொட்டியில் இழுத்தவர் குழாயைப் போட்டுவிட்டு நெஞ்சின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல்லாவில் இருந்த அவர் மனைவி, "வேலை செய்யாம இருக்க இன்னிக்கு என்ன சாக்கு?" என்று கேட்டாள். எதற்கும் மூன்று பதில் சொல்கிற மனிதர் ஒரு பதில்கூடச் சொல்லாததைப் பார்த்ததும்தான் அவள் கல்லாவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் விஷயத்தைச் சொன்னார். ஒட்டடைக் கம்பு மாதிரி உயரமும் ஒல்லியுமாக இருக்கிற ஆட்களுக்கு இப்படி வருவதுண்டாம். நுரையீரலில் தானாகவே ஒரு சின்ன ஓட்டை விழும். காற்று அதன் வழியாகக் கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கி நுரையீரலை அமுக்கும். குழாயை இழுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்போது விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கீழே ஒரு கண்ணாடி பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியிருக்கும்படி விடப்போகிறோம் என்றார்.

"புரிஞ்சுது டாக்டர்" என்றாள் அவள். "காத்து தண்ணி வழியா குமிழி விட்டு வெளிய போகும். திரும்பி உள்ள வர முடியாது. தண்ணிதான் தாழ்ப்பாள். பாட்டில் மூடியில இன்னொரு சின்னக் குழா இருக்குமே, வெளிய வந்த காத்து அது வழியா போயிடும். அப்படித்தானே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க நர்ஸா?"

"இல்ல. கலர் மீன் கடை."

டாக்டருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இந்த பாட்டிலை விளக்கி விளக்கித் தொண்டை வற்றிப்போன மனிதர் அவர். ஒருத்தி தானாகவே பாதியைச் சொல்லிவிட்டதால் மீதிப் பாதியை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார். "ஓட்டை தானா மூடிக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். மூடலேன்னா ஆபரேஷன் பண்ணி அடைச்சிடலாம். அப்புறம் பாட்டில்ல குமிழி நின்னுதுன்னா உடனே என்கிட்ட சொல்லணும், சரியா?" என்றார்.

குமிழி நின்றால் ஏன் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கா தெரியாது? கடையில் அறுபது தொட்டி இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் விளக்குக்கூடப் போடாமல் அவள் முதலில் பார்ப்பது குமிழியைத்தான். எந்தத் தொட்டியில் குமிழி நின்றிருக்கிறதோ அங்கே சாயங்காலத்துக்குள் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். பெண்களின் கைப்பையில் சீப்பு இருக்கிற மாதிரி அவள் கைப்பையில் எப்போதும் பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன ஏர் மோட்டார் இருக்கும். மீனைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில் தேவைப்படும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே போகும்.

பொதுப் பிரிவில் ஏழாம் நம்பர் கட்டில் கிடைத்தது. பாட்டில் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு 'குளுக் குளுக்' என்றது. கடைக்காரர் ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தார். ஊசி குத்த வந்தாலே நர்ஸிடம் குடும்பக் கதையெல்லாம் சொல்லி நேரம் கடத்துகிற ஆள். நெஞ்சைத் திறப்பார்கள் என்றால் கேட்கவா வேண்டும்? ஆனால் அந்தக் குமிழிச் சத்தம் காதில் விழ விழ அவர் முகம் தெளிந்தது.

"நம்ம கடை மாதிரியே இருக்குல்ல?" என்றார்.

"இருமிப் பாருங்க."

அவர் இருமினார். ஒரு கொத்துக் குமிழி கிளம்பியது. வாயெல்லாம் பல் அவருக்கு. "இது ஓடற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது பாரு" என்றார். அன்றிலிருந்து பயம் வரும்போதெல்லாம் கட்டிலின் ஓரமாகத் தலையைத் தொங்கவிட்டுப் பாட்டிலைப் பார்த்து ஒரு தடவை இருமிக்கொள்வார். ஆறாம் நம்பர் கட்டிலில் கால் உடைந்து படுத்திருந்த பஸ் டிரைவர், "சார், கொஞ்சம் ஹாரனைக் குறைங்க" என்று கெஞ்சுவார்.

புதன்கிழமை அவளுக்கு மவுசு கூடியது. தரை துடைக்க வந்த ஆள், பாட்டில் இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதைத் தூக்கிக் கட்டிலின் மேல், கடைக்காரரின் காலடியில் வைக்கப்போனார். அவள் போட்ட சத்தத்தில் பிரிவே எழுந்து உட்கார்ந்தது, பஸ் டிரைவர் நீங்கலாக.

"கீழ வைங்க! நெஞ்சுக்கு மேல தூக்கினா பாட்டில் தண்ணி அப்படியே ரிவர்ஸ்ல அவர் உடம்புக்குள்ள இறங்கிடும்! மேல இருக்கற தண்ணி கீழ ஓடும்கறது கூடவா தெரியாது?"

தலைமை நர்ஸ் ஓடிவந்தாள். அவளை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெரிய சிஸ்டரே, "அந்த அம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் நம் மீன்கடைக்காரியைக் கையில் பிடிக்க முடியவில்லை. யாரும் காலால் தட்டிவிடக் கூடாதென்று வீட்டிலிருந்து ஒரு நீல வாளி கொண்டுவந்து பாட்டிலை அதற்குள் இறக்கி, ஆடாமல் சுற்றிலும் துண்டைச் செருகினாள். மற்றக் கட்டில்களில் தொங்கிய குழாய்களையும் நடந்து நடந்து பார்வையிட்டாள். இங்கே மடங்கியிருக்கிறது, அங்கே இறுக்கமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். பஸ் டிரைவர் அவளுக்குக் 'குழாய் டாக்டர்' என்று பட்டம் கட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று வாய் சொன்னாலும், பட்டம் அவளுக்கு உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது.

வியாழக்கிழமை குமிழி குறைந்தது. இருமினால் மட்டும் ஒன்றிரண்டு. அவள் வாளியை இப்படித் திருப்பி வைத்தாள், அப்படித் திருப்பி வைத்தாள், ஒன்றும் சரிப்படவில்லை. ஒருவேளை ஆபரேஷன் ஆனாலும் ஆகலாம், நாளைக்குக் காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது என்று பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, குமிழி சுத்தமாக நின்றிருந்தது.

கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனாலும் தொழில்காரி அல்லவா? நெஞ்சிலிருந்து பாட்டில் வரைக்கும் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எங்கேயும் மடங்கவில்லை. கட்டிலுக்கடியில் நசுங்கவில்லை. தண்ணீருக்குள் முங்கியிருந்த குழாய்க்குள் மட்டும் தண்ணீர் மட்டம் மெல்ல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அதை அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மீன் தொட்டியில் அப்படி எதுவும் ஏறி இறங்காது.

பெரிய சிஸ்டர் இடத்தில் இல்லை. டாக்டர் பின்கட்டிடத்தில் இருப்பார் என்றார்கள். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்குள் இவர் எழுந்துவிட்டால்? எழுந்ததும் தலையைத் தொங்கவிட்டுப் பாட்டிலைப் பார்ப்பார். பார்த்ததும் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடுவார். நோயில் போகாவிட்டாலும் பயத்தில் போய்விடுவார். அவரை அவளுக்குத் தெரியாதா?

கைப்பையைத் திறந்தாள்.

பாட்டில் மூடியில் காற்று வெளியேறுவதற்கு இருந்த சின்னக் குழாய்க்குள், சுற்றிலும் இடம் விட்டு, மீன் தொட்டிக்குப் போடுகிற மெல்லிய கண்ணாடி நிறக் குழாயை இறக்கித் தண்ணீரில் முங்க வைத்தாள். மோட்டாரைத் துண்டுக்கடியில் செருகினாள். பித்தானைத் தட்டினாள். குளுகுளுகுளுவென்று குமிழி பொங்கியது. மோட்டாரின் சத்தத்தை மின்விசிறி விழுங்கிக்கொண்டது. கடைக்காரர் தூக்கத்திலேயே முகம் மலர்ந்து புரண்டு படுத்தார். அவள் டாக்டரைத் தேடி ஓடினாள்.

அவள் பின்வாசல் வழியாகப் போக, டாக்டர் முன்வாசல் வழியாக வந்தார்.

ஏழாம் நம்பர் கட்டில் முன்னால் நின்ற டாக்டர் வாளியை எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நேற்று ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்த குமிழி இன்றைக்கு உலை மாதிரிக் கொதிக்கிறது! "சின்ன ஓட்டை பெருசாயிடுச்சு போலிருக்கே. ஒன்பது மணி கேஸ் என்ன ஆச்சு?" என்றார். ஒன்பது மணிக்கு ஆபரேஷன் ஆக வேண்டியவர் யாருக்கும் தெரியாமல் இரண்டு பன் சாப்பிட்டுவிட்டார் என்று பெரிய சிஸ்டர் பல்லைக் கடித்தாள். "அப்ப இவரைக் கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

பின்கட்டிடத்தில் இரண்டு மாடி ஏறி இறங்கி மூச்சு வாங்க அவள் திரும்பி வந்தபோது ஏழாம் நம்பர் கட்டில் காலியாக இருந்தது.

"எங்க? எங்க அவரு?"

"தியேட்டருக்குக் கொண்டு போறாங்க" என்றார் பஸ் டிரைவர். "ஓட்டை பெருசாயிடுச்சாம். குமிழி பயங்கரமா வருதாம். ஓடுங்க, லிஃப்ட்டு வர எப்பவும் லேட்டாகும்."

குமிழி வந்தால் எதற்கு ஆபரேஷன்? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலே ஓடினாள்.

லிஃப்ட் வாசலில் தள்ளுவண்டி நின்றுகொண்டிருந்தது. மேலே பச்சை அங்கி போர்த்திய கடைக்காரர், கீழ்த் தட்டில் நீல வாளி. பக்கத்தில் டாக்டர், பெரிய சிஸ்டர், வண்டி தள்ளுகிற ஆள். கடைக்காரர் பேயறைந்த மாதிரி கிடந்தபடி டாக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"சார், குமிழி நல்லா வருதே சார்! அஞ்சு நாள்ல இன்னிக்குத்தான் இவ்வளவு சூப்பரா வருது!"

"அதான்யா பிரச்சினை" என்றார் டாக்டர். "குமிழி வருதுன்னா உங்க நுரையீரல் இன்னும் ஒழுகுதுன்னு அர்த்தம். ஓட்டை மூடினா குமிழி நிக்கும். அது நிக்கட்டும்னுதானே அஞ்சு நாளா காத்துக்கிட்டிருக்கோம்?"

கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. ஐந்து நாளாக இருமி இருமித் தன் ஓட்டையைத்தான் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்க ஆரம்பித்தது.

அவளுக்கு அவரைவிடச் சீக்கிரமாகவே உறைத்தது. குமிழி நின்றது நல்ல சேதி. அந்த நல்ல சேதியின் வாயைப் பொத்தியது அவள் கை. அதற்காக இப்போது இவர் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள்.

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எப்படிச் சொல்வது? நூற்றுக்கு நூறு என்று மார்க் போட்ட பெரிய சிஸ்டர் பக்கத்திலேயே நிற்கிறாள். குழாய் டாக்டர் என்ற பேர் பிரிவு முழுக்கப் பரவியிருக்கிறது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் புத்தி குறுக்கு வழியில் போயிற்று. சத்தம் போடாமல் மோட்டாரை அணைத்துவிட்டால் குமிழி நின்றுவிடும்; டாக்டர் பார்ப்பார்; ஓட்டை மூடிவிட்டது என்பார்; விஷயம் முடிந்தது. செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து துண்டுக்கடியில் கையை விட்டுப் பித்தானைத் தட்டினாள்.

குமிழி சட்டென்று நின்றது.

"சார்! நின்னுடுச்சு சார்!" என்று கத்தினார் வண்டி தள்ளுகிற ஆள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "இவ்வளவு ஒழுகறது திடீர்னு எப்படி நிக்கும்? குழாய் அடைச்சிருக்கு! காத்து உள்ளயே தேங்கினா ஆளுக்கு ஆபத்து. லிஃப்டுக்கு நிக்க வேண்டாம், படிக்கட்டு வழியா தூக்குங்க! உடனே!"

வண்டி தள்ளுகிற ஆள் நெஞ்சுப் பக்கமும் பெரிய சிஸ்டர் கால் பக்கமும் பிடித்தார்கள். கடைக்காரர் பாதி அந்தரத்தில் எழும்பியபடி, "ஏய், எங்கடி இருக்க? பசங்களைப் பார்த்துக்கோடி! இரண்டாவது தொட்டி ஹீட்டர் ரிப்பேர்டி!" என்று அலறினார்.

"நிறுத்துங்க!" என்றாள் அவள். தரை துடைக்கிற ஆளிடம் போட்டதைவிடப் பெரிய சத்தம். "அடைக்கல டாக்டர்! ஒண்ணும் அடைக்கல! குமிழி காலையிலயே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வந்தது அவரு குமிழி இல்ல, என் குமிழி!"

எல்லோரும் அப்படியே நின்றார்கள். கடைக்காரரும் அந்தரத்திலேயே நின்றார்.

அவள் துண்டை உருவினாள். கைக்கு அடக்கமாக ஒரு மோட்டார், வயிற்றில் மஞ்சள் மீன் படம் போட்டது, வாளியின் அடியில் உட்கார்ந்திருந்தது.

அழைத்து அழைத்து வராத லிஃப்ட் அந்த நேரம் பார்த்து வந்து, திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது.

டாக்டர் தரையில் மண்டியிட்டார். மெல்லிய குழாயை வெளியே இழுத்தார். தண்ணீருக்குள் இருந்த பெரிய குழாயையே உற்றுப் பார்த்தார். உள்ளே மட்டம் ஏறியது, இறங்கியது.

"மூச்சோட சேர்ந்து ஏறி இறங்குது. குழாய் அடைக்கல" என்றார். "இருமுங்க."

"மாட்டேன் சார்" என்றார் கடைக்காரர்.

"இருமுய்யா!"

பயந்து பயந்து இருமினார். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை.

"மூடிடுச்சு" என்றார் டாக்டர். "காலையிலயே மூடியிருக்கு. உங்க வீட்டம்மா அதுக்குத் திரை போட்டு மறைச்சிருக்காங்க." எழுந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏம்மா, மூடியில இருக்கற வழி அடைபட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டாக்டர். அதான் சுத்தி இடம் விட்டு வச்சேன்" என்றாள். அந்த நிலையிலும் தொழிலில் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அடுத்த நொடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பெரிய சிஸ்டர் சிரித்து அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பில் கடைக்காரரின் கால் அவள் பிடியிலிருந்து நழுவி வண்டியில் விழுந்தது.

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியில் படுத்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்குடி இந்த வேலை பண்ண?"

"நீங்க எழுந்து பார்த்தா பயந்துடுவீங்கன்னுதான்."

"நீ பயப்படலையா?"

அவள் வாளியிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். "செத்துப் போயிட்டேன்" என்றாள். "அறுபது தொட்டிலயும் ஒரேயடியா நின்ன மாதிரி இருந்துச்சு."

ஒரு நாள் முழுக்கக் குமிழி வராமல் இருந்தால்தான் குழாயை எடுப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோட்டாரைப் பெரிய சிஸ்டர் வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். அன்றைக்கெல்லாம் கடைக்காரரின் மனைவி வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அசையாமல் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது நல்லது, இது நல்லது என்று புத்தி சொன்னாலும் கை அடிக்கடி கைப்பைக்குப் போய்க் காலியாகத் திரும்பியது. கடைக்காரர் இருமவே பயந்து, தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டார். குழாய் டாக்டர் மோட்டார் டாக்டர் ஆகிவிட்டதைப் பஸ் டிரைவர் எதிர் வரிசைக்கும் தெரியப்படுத்தினார்.

சனிக்கிழமை காலை எடுத்த படத்தில் நுரையீரல் முழுசாக விரிந்திருந்தது. டாக்டர் திரையை இழுத்துவிட்டார். அவளை வெளியே நிற்கச் சொன்னார். அவளிடம் எந்தக் குழாயையும் நம்பிக் காட்டுவதாக அவருக்கு உத்தேசமில்லை.

"இப்ப நல்லா மூச்சை இழுங்க" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இழுத்து அப்படியே அடக்கிக்கணும். நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. விட்டா காத்து உள்ள போயிடும்."

உள்ளே கடைக்காரர் இழுத்து அடக்கினார். வெளியே அவளும் இழுத்து அடக்கினாள்.

ஏதோ உருவுகிற சத்தம். "அவ்வளவுதான். விடுங்க" என்று டாக்டர் மெல்லச் சொல்லிவிட்டு, தையல் முடிச்சை இறுக்கிப் பஞ்சை வைத்துக் கட்டுப் போட ஆரம்பித்தார். அவர் சொன்னது திரைக்கு வெளியே கேட்கவில்லை. கட்டு முடிந்தது. பெரிய சிஸ்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். திரையை விலக்கினார்கள்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் அவளை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுடி" என்றார். "முடிஞ்சு போச்சு. விடு."

அவள் விட்டாள். அந்த மூச்சோடு அழுகையும் சேர்ந்து வந்தது. பஸ் டிரைவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.